தேறாத குவியல் யார் கணக்கில்? விதை நிறுவனத்தோடு கைகோக்கும் முன் எழுதிக்கொள்ள வேண்டியவை

விதை நிறுவனத்துக்கு உளுந்து விதை உற்பத்தி செய்து கொடுக்கலாம் என்று முடிவெடுத்துவிட்டீர்களா? கிலோவுக்கு என்ன விலை என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். "முளைப்புத்திறன் தேறவில்லை என்றால் அந்தக் குவியல் யார் கணக்கில்?" என்று முதலில் கேளுங்கள். விலையைப் பற்றிக் கேட்கிறவர்களை நிறுவனத்தின் கள அலுவலர் கடைக்கு அழைத்துப்போய்த் தேநீர் வாங்கிக் கொடுப்பார். இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களிடம் "மேலாளரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்பார். கேட்டுச் சொல்லட்டும். அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள்.

நான் புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கத்தைச் சேர்ந்தவள். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு முழுநேர விவசாயம். எங்கள் உற்பத்தியாளர் குழுவின் கணக்கும் காகிதமும் என் பொறுப்பு. ஊரில் எனக்கு 'ரசீது அக்கா' என்று ஒரு பெயர் உண்டு. முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான். தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் இருக்கும் வம்பன் எங்களுக்கு பஸ்ஸில் போய்வரும் தூரம். அதனால் விஞ்ஞானிகளும் எங்கள் வயலுக்கு வருவார்கள், அவர்களைத் தேடி நிறுவனத்தாரும் வருவார்கள். இரு தரப்போடும் பழகியதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். பயிர் உளுந்து, ஆனால் பெரும்பகுதி நெல்லுக்கும் கடலைக்கும் பொருந்தும்.

யாரிடம் என்ன இல்லை

விஞ்ஞானியிடம் ரகம் இருக்கிறது, அதைப் பெருக்கப் போதுமான நிலம் இல்லை. நிறுவனத்திடம் பணமும் கிடங்கும் விற்பனையாளர்களும் இருக்கிறார்கள், நிலம் அதனிடமும் இல்லை. நம்மிடம் நிலம் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டு பேச உட்காருங்கள். பல விவசாயிகள் நிறுவனம் ஏதோ உதவி செய்ய வந்திருப்பதாக நினைத்து எழுந்து நின்று பேசுகிறார்கள்.

விதை பெருகும் வரிசையும் தெரிந்திருக்க வேண்டும். ஆராய்ச்சி நிலையம் கருவிதையிலிருந்து, அதாவது ரகத்தின் மூல விதையிலிருந்து, வல்லுநர் விதையை எடுக்கும். அதன் பையில் கட்டுவது மஞ்சள் அட்டை. வல்லுநர் விதையை விதைத்து எடுப்பது ஆதார விதை, வெள்ளை அட்டை. ஆதார விதையிலிருந்து வருவது சான்று விதை, நீல அட்டை. கடையில் பச்சை அட்டையோடு தொங்குவது உண்மைநிலை விதை. அதற்கு விற்பவரே உத்தரவாதம், அரசின் விதைச்சான்றுத் துறை அதன் வயலைப் பார்ப்பதில்லை. நிறுவனம் உங்களிடம் எந்த வகுப்பு விதை கேட்கிறது என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். சான்று விதை என்று வாயால் பேசிவிட்டு, கடைசியில் உண்மைநிலை விதையாகப் பையில் அடைத்து, விலையையும் அதற்கேற்றாற்போல் இறக்குவது நடக்கக்கூடியதுதான்.

சான்று விதை எடுக்க, நிறுவனம் கொடுக்கும் ஆதார விதை ஏக்கருக்கு 8 கிலோ போதும். எங்கள் செம்மண்ணில் தண்ணீர் கிடைத்து நல்லபடியாக விளைந்தால் 350 கிலோ வரை எடுக்கலாம். அந்த 350 கிலோ அடுத்த பட்டத்தில் நாற்பது ஏக்கருக்கு மேல் விதைப்புக்குப் போகிறது. உங்கள் வயலில் விட்டுப்போன ஒரு கலவன், அதாவது ரகம் மாறிய செடி, எத்தனை பேர் வயலில் போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண உளுந்தைவிடக் கூடுதல் விலை கேட்பதற்கு நமக்கு இருக்கும் நியாயம் இந்தக் கவனம்தான்.

ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நிறுவனத்தின் விருப்பத்தோடு விஞ்ஞானியின் யோசனையையும் கேளுங்கள். 2016இல் வெளியான வம்பன் 8 மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும், 65 முதல் 75 நாளில் ஒரே சமயத்தில் முதிரும். நோய் தாங்கும் ரகம் என்றால் அந்த நோயைப் பரப்பும் வெள்ளை ஈக்குப் பயந்து வாரம் ஒரு மருந்து அடிக்க வேண்டியதில்லை. கருத்தரங்குகளில் 'நீடித்த வேளாண்மை' என்று படம் போட்டுக் காட்டுவதெல்லாம் எங்கள் ஊரில் இப்படி இரண்டு மருந்தடிப்பு மிச்சமாவதில்தான் தொடங்குகிறது. நிறுவனத்தின் கையேட்டில் நாள் குறித்து மருந்து எழுதியிருப்பார்கள். பூச்சி இருக்கிறதா இல்லையா என்று அந்தக் கையேட்டுக்குத் தெரியாது. மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்து, வயலைச் சுற்றிச் சோளம் வரப்புப் பயிராக விதைத்து, பூச்சி பொருளாதார சேத நிலையை, அதாவது மருந்துச் செலவைவிட நட்டம் பெரிதாகும் அளவை, தாண்டினால் மட்டும் பரிந்துரைத்த மருந்தை அடிப்பது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். "மருந்து அடிக்காததால்தான் விளைச்சல் குறைந்தது" என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

வண்டா, மழையா

எங்கள் பகுதி விதையின் பெரிய சந்தை காவிரி டெல்டா. சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, நெல் நிற்கும்போதே ஈர வயலில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். தை மாதத்தில் அந்த விதைப்பு சூடுபிடிக்கும். நெல் தரிசு எனப்படும் இந்த விதைப்புக்கு ஆடுதுறை 3, ஆடுதுறை 6 போன்ற ரகங்களும், அதன் பிறகு வரும் இறவைப் பட்டத்துக்கு வம்பன் ரகங்களும் கேட்பார்கள். ஆக, மார்கழிக் கடைசிக்குள் அட்டை கட்டிய பை விற்பனையாளர் கடையில் இருந்தாக வேண்டும்.

இதற்கு இரண்டு வழி. ஆடிப் பட்டத்தில் விதைத்துப் புரட்டாசியில் அறுவடை செய்தால் காய்வதற்கு வெயில் இருக்கும். விதை பளபளவென்று வரும். ஆனால் தை வரை மூன்று நான்கு மாதம் கிடங்கில் இருக்க வேண்டும். பயறு வண்டு வயலிலேயே காயின் மேல் முட்டை வைத்துவிட்டு விதையோடு கிடங்குக்கு வந்துவிடும். புரட்டாசிப் பட்டத்தில் விதைத்தால் கார்த்திகைக் கடைசியில் அறுவடை. வண்டுக்கு நேரம் இல்லை, விதையும் புதிது. ஆனால் காய் முற்றும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை தலைக்கு மேல் நிற்கும். முற்றிய காயில் இரண்டு நாள் மழை விழுந்தால் விதை உள்ளேயே ஊறி, பூசணம் பிடித்து, சில காய்களில் முளையும் விட்டுவிடும். பருப்புக்குப் போகும் உளுந்து என்றால் விலையில் கொஞ்சம் குறையும். விதைக்கு அது கழிவு.

நிறுவனங்கள் புரட்டாசிப் பட்டத்தையே விரும்பும். கிடங்குச் செலவு இல்லை, வண்டுக்குப் புகைமூட்டம் போட வேண்டியதில்லை, பணம் சீக்கிரம் சுற்றும். மழையின் ஆபத்து முழுவதும் நம் தலையில். இதைப் புரிந்துகொண்டால் பேரம் எளிதாகிவிடும். புரட்டாசியில் விதைக்கச் சொன்னால் மழை நட்டத்தில் பங்கு கேளுங்கள். பங்கு தரமாட்டோம் என்றால் ஆடியில் விதைக்கிறோம், கிடங்குச் செலவு உங்களுடையது என்று சொல்லுங்கள். எங்கள் குழுவில் நிலத்தைப் பிரித்து இரண்டு பட்டத்திலும் போடுகிறோம். தண்ணீர் வசதி உள்ளவர்கள் ஆடியில், மானாவாரிக்காரர்கள் புரட்டாசியில். வண்டு ஒரு பக்கத்தைத் தின்றாலும் மழை மறுபக்கத்தைக் கெடுத்தாலும் குழு ஒரேயடியாக உட்கார்ந்துவிடாது.

காகிதத்தில் என்ன இருக்க வேண்டும்

உளுந்துச் சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 75 சதவீதம், தூசும் வேறு விதையும் நீங்கிய சுத்தத் தன்மை 98 சதவீதம், ஈரப்பதம் அதிகபட்சம் 9 சதவீதம். முளைக்காமல் கல்போல் இருக்கும் விதைகளையும் முளைத்த கணக்கில் சேர்த்துத்தான் இந்த 75. சில நிறுவனங்கள் தங்கள் பெயரைக் காப்பாற்ற 80 அல்லது 85 கேட்கும். கேட்கட்டும், தவறில்லை. ஆனால் 75க்கும் 80க்கும் நடுவே வரும் குவியலுக்கு என்ன விலை என்பதை எழுதாமல் விடாதீர்கள். சட்டப்படி அது நல்ல விதை.

தேறாத குவியலுக்கு வருவோம். விதை தேறாமல் போவதற்கு நான்கு காரணங்கள்தான். ஒன்று, அவர்கள் கொடுத்த ஆதார விதையிலேயே கோளாறு. இரண்டு, அறுவடை நேரத்து மழை. மூன்று, நாம் களத்தில் கலந்தது, சரியாகக் காயவைக்காதது. நான்கு, அவர்கள் பை அனுப்பாமல், வண்டி அனுப்பாமல் தாமதம் செய்தது. ஒப்பந்தத்தின் அச்சடித்த படிவத்தில் இந்த நான்கும் ஒரே வரியில் முடிந்திருக்கும்: தேறாத விதையை நிறுவனம் எடுத்துக்கொள்ளாது. இந்த வரியை அடித்துவிட்டு நான்காகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். முதல் காரணத்துக்கும் நான்காவதற்கும் நிறுவனம் பொறுப்பு. மூன்றாவது நம்முடையது, அதில் வாதாடக் கூடாது. இரண்டாவதில் பாதிப் பாதி. சாதாரண உளுந்தின் சந்தை விலைக்கும் விதை விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை நிறுவனம் தர வேண்டும். எல்லா நிறுவனமும் ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொள்கிற நிறுவனம் அடுத்த வருடமும் வரும்.

நான்காவது காரணம் கற்பனை இல்லை. ஒரு மார்கழியில், பெயர் வேண்டாம், ஒரு நிறுவனத்துக்காகக் காயவைத்துக் குவித்த விதை எங்கள் கொட்டகையில் வாரக்கணக்கில் கிடந்தது. பை வரவில்லை. கேட்டால் அச்சகத்தில் இருக்கிறது என்றார்கள். கடைசியில் எடுத்துப்போய்ப் பரிசோதனைக்கு அனுப்பியபோது வண்டு துளைத்த விதை அதிகம் என்று திருப்பினார்கள். எங்கள் காகிதத்தில் ஒரு வரி இருந்தது: விதை தயார் என்று எழுத்தில் தெரிவித்த ஏழு நாளுக்குள் எடுக்காவிட்டால் ஏழாம் நாள் எடையும் தரமுமே கணக்கு. தெரிவித்த கடிதத்தின் பதிவுத் தபால் ரசீது என்னிடம் இருந்தது. ஏழாம் நாள் மூன்று பேர் கையெழுத்தோடு கட்டி வைத்த மாதிரிப் பையும் இருந்தது. பணம் வந்தது. அந்தக் கள அலுவலர் அதன் பிறகு எங்கள் ஊரில் தேநீர் குடிப்பதில்லை.

விலையைச் சந்தையோடு கட்டுங்கள். அறுவடை வாரத்தில் புதுக்கோட்டை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் சராசரி விலை, அதன் மேல் இத்தனை சதவீதம் ஊக்கம் என்று எழுதுவது நியாயமான முறை. சந்தை சரிந்தால் அடிவிலை வேண்டும்; அதற்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலையை வைக்கலாம். 2025-26க்கு உளுந்துக்குக் குவிண்டால் 7,800 ரூபாய். எடை போட்ட அன்றே முக்கால் பங்கு, பரிசோதனை முடிவு வந்த பதினைந்து நாளில் மீதி என்பது நாங்கள் பிடித்துவைத்திருக்கும் முறை.

சுத்திகரிப்புக் கழிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சல்லடையில் கீழே விழும் சிறுத்த உளுந்தும் நல்ல உளுந்துதான். பருப்பு உடைக்கிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். விதை விலை சுத்தம் செய்த எடைக்கு என்றால் கழிவு உங்களுக்குத் திரும்பி வர வேண்டும். சுத்தம் செய்யாத எடைக்கு என்றால் அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். சுத்தம் செய்த எடைக்கு மட்டும் பணம் கொடுத்து, கழிவையும் அவர்களே வைத்துக்கொள்ளும் ஒப்பந்தங்களையும் படித்திருக்கிறேன். சாக்கு, ஏற்றுக்கூலி, வண்டி வாடகை யாருடையது என்பதையும் ஒரு வரியில் முடித்துவிடுங்கள்.

'இயற்கைச் சீற்றம்' என்று ஒரு பத்தி இருக்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் போன ஊர் எங்களுடையது. தென்னையும் பலாவும் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பத்தியை விளக்க வேண்டியதில்லை. ஆனால் நிறுவனத்தின் படிவத்தில் அது நிறுவனத்தை மட்டும் ஒப்பந்தப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும். நமக்குக் கொடுத்த முன்பணமும் விதைக் கடனும் அப்படியே நிற்கும். இருவரையும் விடுவிக்கும்படி மாற்றச் சொல்லுங்கள். பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். காப்பீடு அந்தப் பகுதியின் விளைச்சல் குறைந்தால் பணம் தரும். விளைந்தது முளைக்கவில்லை என்றால் தராது.

நிறுவனம் கொடுத்த விதையே கெட்டதாக இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். திரும்ப விற்பதற்காகப் பயிரிடுகிறவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று யாராவது வாதிட்டால், 2012இல் உச்ச நீதிமன்றம் தேசிய விதைக் கழகத்துக்கும் ஆந்திர விவசாயிகளுக்கும் இடையிலான வழக்கில் சொன்னதை எடுத்துக் காட்டுங்கள். நிறுவனத்துக்கே விதையைத் திருப்பிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் பயிரிட்டவர்களும் நுகர்வோரே என்று அதில் தீர்ப்பானது. அதற்கு ஆதாரம் வேண்டும். ஆதார விதைப் பையை அடிப்பக்கம் பிரித்து விதையை எடுங்கள்; அட்டையும் முத்திரையும் கிழியாத பை, ரசீது, ஒரு கைப்பிடி விதை மூன்றும் அறுவடை முடியும் வரை பீரோவில் இருக்கட்டும். விதைச்சான்று அலுவலரும் இவற்றைக் கேட்பார்.

வயலில்

பக்கத்து வயல்காரரிடம் முதலில் பேசுங்கள். சான்று விதைக்கு வேறு ரக உளுந்திலிருந்து 5 மீட்டர் விலகல் தேவை, ஆதார விதைக்கு 10 மீட்டர். உளுந்து தன் மகரந்தத்திலேயே காய்ப்பது. அதனால் தூரம் குறைவு. ஆனாலும் நம் நிலம் துண்டு துண்டாக இருப்பதால் ஐந்து மீட்டர் என்றால் சில இடங்களில் கால் பங்கு வயல் போய்விடும். அதே ரக விதையைப் பக்கத்து வயலுக்கும் கொடுத்து விதைக்கச் சொல்வது மலிவு. அந்த விதைச் செலவை நிறுவனத்திடம் வாங்குங்கள், தருவார்கள். போன பட்டத்தில் வேறு ரக உளுந்து போட்ட வயலை விதைப்பண்ணைக்குத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம். உதிர்ந்த விதையிலிருந்து தானாக முளைப்பதை ஒருவராலும் பிரிக்க முடியாது.

விதைப்பு அறிக்கையை விதைத்த 35 நாளுக்குள், பூப்பதற்குப் பதினைந்து நாள் இருக்கும்போதே விதைச்சான்று அலுவலகத்தில் பதிய வேண்டும். உளுந்து முப்பத்தைந்தாம் நாளுக்குள் பூத்துவிடும். ஆகவே மூன்றாம் வாரம் தாண்டவிடாதீர்கள். பதிவு உங்கள் பெயரிலா நிறுவனத்தின் பெயரிலா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பெயரில் என்றால் ஆய்வறிக்கையின் நகல் உங்களுக்கும் வர வேண்டும்.

கலவன் எடுப்பதை ஆளை விட்டுச் செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். காலை ஏழு மணிக்கு, வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, பாத்திக்குள் மெதுவாக நடக்க வேண்டும். எதிர் வெயிலில் எல்லா இலையும் ஒரே பச்சையாகத் தெரியும். முதல் சுற்று பூப்பதற்கு முன்: தண்டின் நிறம், இலையின் அகலம், மற்றவை நிமிர்ந்து நிற்கும்போது கொடி வீசும் செடி. இரண்டாவது, பூவும் பிஞ்சும் இருக்கும்போது: இப்போது காயைப் பாருங்கள். ரகத்தின் காயில் சுணை, அதாவது மெல்லிய முடி, உண்டா இல்லையா என்று தெரிந்துகொண்டு விரலால் தடவிப் பார்த்தால் கண்ணுக்குத் தப்பியது விரலில் சிக்கும். இடையில் பாசிப்பயறுச் செடி ஒன்றிரண்டு கட்டாயம் இருக்கும். இலை சுருங்கி நெளிந்து தடித்த செடி தெரிந்தால் அதையும் எடுங்கள். அந்த நச்சுயிரி விதை வழியாகவும் போகும். மேலே ஒடிக்காமல் வேரோடு பிடுங்கிச் சாக்கில் போட்டு வயலுக்கு வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். வரப்பில் எறிந்த செடி அங்கேயே முற்றி உதிர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். எங்கள் குழுவில் இந்த வேலையை நன்றாகச் செய்கிறவர்கள் பெண்கள். கூலியும் களையெடுப்பைவிட அவர்களுக்குக் கூடுதலாகத்தான் கொடுக்கிறோம். சான்று விதை வயலில் கலவன் 0.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதாவது ஆயிரம் செடிக்கு இரண்டு. பூக்கும் முன் ஒரு முறை, பூவும் காயுமாக இருக்கும்போது ஒரு முறை அலுவலர் வருவார். அவர் வருவதற்கு முந்தின நாள் எடுத்தால் போதும் என்று இருப்பவர்கள் உண்டு. அவர்களைக் குழுவில் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

பூக்கும் தருணத்தில் 2 சதவீத டி.ஏ.பி. உரக் கரைசலை இலையில் தெளியுங்கள், பதினைந்து நாள் கழித்து மறுபடி; அல்லது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டர் என்ற ஊட்டக் கலவை ஏக்கருக்கு 2 கிலோ. மற்ற சாகுபடி முறைகள் எல்லோருக்கும் தெரிந்தவை.

களத்தில்

பத்தில் எட்டுக் காய் கறுத்ததும் அறுத்துவிடுங்கள். டிராக்டரை ஏற்றி மிதிக்கவைத்தால் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். விதைத்தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து முளைப்பும் அதோடு முடியும். வளையும் மூங்கில் குச்சியால் அடிப்பது மெதுவான வேலை, ஆனால் விதை பிழைக்கும். இதற்கான கூடுதல் கூலியை விலை பேசும்போதே சேர்த்துவிடுங்கள். ரகத்துக்கு ரகம் களம் மாறும்போது தார்ப்பாயை உதறி, மடிப்புகளைப் பிரித்துப் பாருங்கள். வயலில் பாடுபட்டு எடுத்த கலவன் பெரும்பாலும் தார்ப்பாய் மடிப்பிலிருந்துதான் திரும்பி வருகிறது.

பழகினவர்கள் பல்லில் கடித்தே ஈரத்தைச் சொல்லிவிடுவார்கள். 'டக்' என்று உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் இன்னும் வெயில் வேண்டும். நிறுவனத்தாரிடம் பல் கணக்கு செல்லாது. குழுவுக்கு ஒரு ஈரப்பதமானி வாங்கிவிடுங்கள். அவர்களுடைய கருவியும் நம்முடையதும் ஒரே கைப்பிடி விதையில் என்ன காட்டுகின்றன என்று எடை போடும் முன் எல்லோர் முன்னிலையிலும் பாருங்கள்.

பரிசோதனை நிலையத்துக்குப் போகும் முன் வீட்டிலேயே முளைப்பைப் பார்த்துக்கொள்ளலாம். நூறு நூறு விதையாக நான்கு பங்கு, பொறுக்காமல், கண்ணை மூடி எடுத்தாற்போல் எண்ணி, நனைத்த பருத்தித் துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி நிழலில் வையுங்கள். துணி காயவிடாமல் தெளியுங்கள். ஏழாம் நாள் பிரித்து, வேரும் தண்டும் ஒழுங்காக உள்ளதை மட்டும் எண்ணுங்கள். நான்கிலும் எண்பதுக்கு மேல் இருந்தால் தைரியமாக அனுப்பலாம். எழுபத்தைந்தை ஒட்டி இருந்தால் நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்னதை எழுத்தில் சொல்லுங்கள்.

மாதிரி எடுப்பதில் ஒரு நல்ல முறை சட்டத்திலேயே இருக்கிறது. 1966ஆம் ஆண்டு விதைச் சட்டப்படி விதை ஆய்வாளர் மாதிரி எடுத்தால் அதை மூன்றாகப் பிரித்து, ஒன்றை உரியவரிடம் கொடுத்து, ஒன்றைப் பரிசோதனைக்கு அனுப்பி, ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். அதையே நாங்கள் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டோம்: ஒவ்வொரு குவியலுக்கும் மூன்று மாதிரி, விவசாயிக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று, மூன்றாவது குழுவின் பெட்டியில். மூன்றிலும் குவியல் எண், தேதி, இரு தரப்புக் கையெழுத்து. தகராறு வந்தால் மூன்றாவது மாதிரியை அரசு விதைப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புவது, அதன் முடிவே கடைசி. நிறுவனத்தின் சொந்த ஆய்வகத்தின் முடிவே இறுதியானது என்ற வரியைப் பார்த்தால் பேனாவை மூடிவிடுங்கள்.

விஞ்ஞானிக்கு வயல் கொடுப்பது

ஆராய்ச்சி மையத்தார் புதிய ரகத்தை, சில சமயம் இன்னும் பெயர் வைக்காத, எண் மட்டும் உள்ளதை, உங்கள் வயலில் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவார்கள். வேளாண் அறிவியல் நிலையமும் இப்படித் திடல் போடும். தயங்காமல் கொடுங்கள். ஆனால் நாம் செய்யும் ஒரு வேலை ஆராய்ச்சியைக் கெடுக்கிறது: விருந்தாளிக்கு இலையில் நல்ல பண்டமாகப் பார்த்து வைப்பதுபோல, மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் இருக்கும் கொழுத்த நிலத்தைப் புது ரகத்துக்குக் கொடுத்துவிடுகிறோம். பழைய ரகம் மேட்டில் காய்கிறது. விளைச்சல் கூடியது ரகத்தாலா தண்ணீராலா என்று பிறகு பிரம்மாவுக்கும் தெரியாது. ஒரே வயலை நடுவில் கயிறு போட்டுப் பிரித்து, இரண்டு பக்கமும் ஒரே நாளில் விதைத்து, ஒரே உரம், ஒரே தண்ணீர். உங்கள் பக்கத்தில் வழக்கமாகப் போடும் ரகம். வரப்போரச் செடிகளை எடைக்குச் சேர்க்காதீர்கள். அவை எப்போதும் வளமாகத்தான் இருக்கும். ஒருவர் வயலைவிட மூன்று பேர் வயலில் சிறிய அளவில் போட்டால் மண் வித்தியாசமும் தெரிந்துவிடும். ஒரு நோட்டில் விதைத்த நாள், பூத்த நாள், மழை பெய்த நாட்கள், மருந்து அடித்திருந்தால் அதன் பெயர், இரண்டு பக்கத்து எடை. எங்கள் நோட்டைப் பார்த்த விஞ்ஞானி ஒருவர் அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார்.

பதிலுக்கு மூன்று கேளுங்கள். முடிவின் நகல் தமிழில். ரகம் வெளியானால் முதல் வருடத்து ஆதார விதையில் குழுவுக்கு முன்னுரிமை. விதைப்பண்ணை நடக்கும்போது பூச்சி தாக்கினால் தொலைபேசியை எடுக்கும் ஒருவர். மூன்றாவதுதான் மிகவும் பயன்படும். நிறுவனத்தின் ஆள் மருந்து அடிக்கச் சொல்லும்போது, அடிக்க வேண்டியதில்லை என்று சொல்லும் தகுதி அவருக்குத்தான் உண்டு. விஞ்ஞானியையும் நிறுவனத்தையும் பருவத்துக்கு ஒரு முறையாவது வயலில் ஒன்றாக நிற்கவையுங்கள். தனித்தனியாக வந்தால் ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

உங்கள் தாத்தா காலத்து விதையை, அல்லது நீங்களே பொறுக்கித் தேர்ந்த செடியின் விதையை யாராவது கேட்டால் மட்டும் நிதானியுங்கள். மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தைச் சேர்ந்த தாதாஜி கோப்ரகடே என்ற சிறு விவசாயி தன் வயலில் தேர்ந்தெடுத்து உருவாக்கிய நெல்லுக்குக் கைக்கடிகாரத்தின் பெயரால் எச்.எம்.டி. என்று பெயர் வந்தது. மாநிலம் தாண்டிப் பரவியது. 2018இல் அவர் இறக்கும் வரை வறுமை அவரை விடவில்லை. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டப்படி உழவர் ரகத்தை நம் பெயரிலேயே பதியலாம், கட்டணம் கிடையாது. முதலில் பதிவு, பிறகு பகிர்வு.

அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: பாதுகாக்கப்பட்ட ரகமாக இருந்தாலும் அதன் விதையை விவசாயி சேமிக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம், நிறுவனத்தின் வணிகப் பெயரை ஒட்டி விற்கத்தான் கூடாது. 2019இல் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் மேல் பெப்சிகோ தொடர்ந்த வழக்குகள் எழுப்பிய எதிர்ப்பில் முன்னுக்கு வந்தது இந்தப் பிரிவுதான். சில வாரங்களில் நிறுவனம் வழக்குகளைத் திரும்பப் பெற்றது. விதை உற்பத்தி ஒப்பந்தத்தில் முழு விளைச்சலையும் நிறுவனத்துக்கே தர வேண்டும் என்று இருப்பது இயல்பு; நியாயமும்கூட. ஆனால் அடுத்த பட்டத்துக்கு உங்கள் சொந்த வயலுக்கான விதையை எடுத்து வைக்கும் உரிமை தனி என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். குழுவே பை போட்டு விற்பதாக இருந்தால் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விற்பனை உரிமம் எடுக்க வேண்டும், மறக்க வேண்டாம்.

ஆடிப் பட்டத்துக்கு என்றால் பேச்சு வைகாசிக்குள்ளும், புரட்டாசிப் பட்டத்துக்கு என்றால் ஆடி முடிவதற்குள்ளும் காகிதமாகிவிட வேண்டும். மழை ஒன்று விழுந்து உழவு ஓட்டிய பிறகு நம் பேச்சுக்கு எடை குறைந்துவிடும். நிறுவனத்தாருக்கும் அது தெரியும். போகும்போது சிட்டா, அடங்கல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், மண் பரிசோதனை அட்டை, போன பட்டத்தில் எந்த வயலில் என்ன ரகம் என்ற பட்டியல் இருக்கட்டும். ஒப்பந்தத்தைத் தமிழில் கேளுங்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது என்றால் மொழிபெயர்த்துத் தர அவர்களுக்கு ஒரு வாரம் கொடுங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள், அசல் பிரதி ஒன்று அன்றைக்கே உங்கள் கைக்கு வரட்டும். தபாலில் அனுப்புகிறோம் என்று சொன்ன அசல் எதுவும் இதுவரை எங்கள் ஊர்த் தபால் நிலையத்துக்கு வந்ததில்லை.